ஆற்றுவேங்கை, மேற்படி

ஒரு நீர்நாயின் விலை நானூற்று ஐம்பது. பேரம் கிடையாது, கொசுறும் கிடையாது.

இது சந்தையில் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன விலை இல்லை. வனத்துறையின் இரண்டாம் அட்டவணை, வரிசை எண் முப்பத்தொன்று, 'சேத மதிப்பு' என்ற கட்டத்தில் அச்சில் இருப்பது. உங்கள் தொழிலால் ஒரு நீர்நாய் செத்துப்போனால் அரசாங்கத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது. அட்டவணை போட்ட காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு புது சைக்கிள் வரும். இப்போது அந்த சைக்கிளுக்கு ஒரு டயர் வந்தால் அதிர்ஷ்டம். சைக்கிள் விலை ஏறிவிட்டது, நீர்நாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வரிசை எண் முப்பதில் முள்ளம்பன்றி, அறுநூறு. முள்ளுக்கு நூற்றைம்பது சேர்த்தார்களோ என்னவோ.

இந்த அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். செயலகத்தின் மூன்றாவது மாடியில், மின்விசிறிக் காற்று சரியாக ஒரு முழம் தள்ளி விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கமா. செயலாளரே எழுதிய வரைவாக இருந்தாலும், இடம் தப்பிய ஒரு கமாவைச் சுழித்துத் திருப்பி அனுப்பியவர். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் கை பட்டு வெளியே போன ஒரு அரசாணைக்குக்கூடப் பிழைதிருத்தம் வந்ததில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முழங்கால்கள் போன வருடமே ஓய்வு பெற்றுவிட்டன.

ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய தங்கை மூச்சு வாங்க வந்து எதிர் நாற்காலியில் விழுந்தாள்.

"லிஃப்ட் வேலை செய்யலண்ணே."

"வேலை செஞ்சாத்தான் வந்து சொல்லணும். தண்ணி குடி."

அவள் அதே துறையில்தான் இருந்தாள், ஆனால் அடியில். ஆற்றுக் காவலர், தினக்கூலி, இருபத்திரண்டு வருடம். நகரத்துக்கு வெளியே ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கும் இடத்தில், மணல்திட்டும் புதர்க்கரையுமாக நான்கு கிலோமீட்டர் அவள் பொறுப்பு. தினமும் விடிந்ததும் நடந்து, தலை எண்ணி, ஈர மணலில் தடம் பார்த்து, பாறைமேல் காய்ந்த எச்சத்தில் மீன்செதிலா நண்டு ஓடா என்று கிளறிப் பார்த்து, நோட்டில் எழுதுவாள். தேதி, விலங்கு, எண்ணிக்கை. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் முப்பத்தொன்பது நோட்டு. அதில் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"வளைவை ஏலம் விட்டுட்டாங்களாம். மணல் எடுக்க."

"தெரியும். கோப்பு கீழ் மாடில இருக்கு."

"தெரிஞ்சும் டீ குடிச்சிட்டிருக்கே."

"நான் குடிக்காம விட்டா ஏலம் நின்னுடுமா?"

நோட்டைத் திறந்து கடைசி வரியைக் காட்டினாள். நீர்நாய், பதினொன்று. அதில் நான்கு குட்டி.

"அந்த மணல்லதான் உடம்பைப் புரட்டிக் காய வெக்கும். கரையிலதான் வளை. மணலைத் தோண்டுனா கரை சரியும், கரை சரிஞ்சா வளைக்குள்ள குட்டியோட மூடிக்கும். வெளியில வர்றதுக்கு அதுங்களுக்கு உன்னை மாதிரி ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுக்க மாட்டாங்க."

கமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களைத்துப்போனால் செய்கிற வேலை அது. அன்றைக்கு அது நான்காவது முறை. பிறகு இழுப்பறையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, பதினேழாம் பிரிவைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார்.

"படி."

"'மாநில விலங்கு வாழுமிடத்தின் இருபுறமும் இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தக் குத்தகையும் செல்லாது. மாநில விலங்கு என்பது…' இது என்ன, புள்ளி புள்ளியா இருக்கு?"

"பத்தொன்பது புள்ளி. சட்டம் போட்டப்ப எந்த விலங்குன்னு முடிவாகல. அப்புறம் யாரும் முடிவு பண்ணவே இல்ல. இத்தனை வருஷமா அது புள்ளியாவே இருக்கு."

"இப்ப?"

"இப்ப நம்ம அமைச்சருக்கு வனவிலங்குப் பாதுகாப்புல ஆர்வம் வந்திருக்கு. ஜனங்களுக்கு அடையாளமா ஒரு விலங்கு வேணுமாம். பக்கத்து மாநிலத்துக்காரன் வெச்சிட்டான், நமக்கு இல்லையாங்கறார். வியாழக்கிழமை கூட்டம். கோப்பு என்கிட்ட."

தங்கை கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்தாள்.

"அப்ப அந்த எடத்துல நம்மாள எழுதிடு."

"நான் எழுதறவன் மட்டும்தாம்மா. சொல்றவங்க வேற."

"அப்பா கடையில வாங்க வந்தவனா முடிவு பண்ணான்? நீ வியாபாரி வீட்டுப் பிள்ளைண்ணே."

அப்பா வைத்திருந்தது ஜவுளிக்கடை. அண்ணனும் தங்கையும் துணிமூட்டைக்கு நடுவில் தவழ்ந்தவர்கள். அளவுகோலால் அடி வாங்கியவர்கள். விலை சொல்லும்போது அப்பா வாங்குபவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், செருப்பைப் பார்ப்பார்.

வியாழக்கிழமை கமா நீள மேசையின் மூலையில் குறிப்பு எழுத உட்கார்ந்தார். அமைச்சரின் செருப்பைப் பார்த்தார். புதிது, பளபளப்பு, ஒரு அளவு சிறியது. மனிதருக்குப் பெருமையும் வலியும் சேர்ந்தே இருந்தன.

கூட்டத்தில் பேசுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். அமைச்சர், எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட முகத்தோடு இருக்கும் துணைச் செயலாளர் அம்மையார், விலங்கியல் பேராசிரியர்.

"சிங்கம் வெச்சிடலாம்," என்றார் அமைச்சர்.

"நம்ம மாநிலத்துல சிங்கம் இல்லைங்க ஐயா," என்றார் பேராசிரியர்.

"வரவழைக்க முடியாதா?"

துணைச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யானையைப் பக்கத்து மாநிலம் எடுத்துக்கொண்டுவிட்டது. கரடி என்றதும் அமைச்சர் பதறினார், எதிர்க்கட்சித் தலைவரை அவர் கட்சிக்காரர்களே அன்போடு கூப்பிடும் பெயர் அது. எறும்புத்தின்னி நல்ல பிராணி, ஆனால் ஆபத்து வந்தால் சுருண்டு பந்தாகிவிடும் என்று பேராசிரியர் உற்சாகமாக விளக்கியதோடு அதன் வாய்ப்பு முடிந்தது.

"தேர்தல் வருஷத்துல சுருண்டுக்கற விலங்கா? அடுத்தது சொல்லுங்க."

கமா தயாரித்துக் கொடுத்திருந்த குறிப்பைப் பேராசிரியர் படித்தார். ஆற்றில் வாழ்வது. சுத்தமான தண்ணீர் இருந்தால்தான் தங்கும். குடும்பமாக வேட்டையாடும். குட்டிகளைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து வளர்க்கும். அமைச்சரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"அட, பிரமாதமா இருக்கே. பேரு?"

"நீர்நாய்."

அமைச்சர் குறிப்பை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தார்.

"நாயா?"

"நாய் இல்லைங்க ஐயா. மரநாய்க் குடும்பம்."

"குடும்பமே நாயா?" அமைச்சர் பின்னால் சாய்ந்தார். "யோவ், நாளைக்கு சட்டசபையில எதிர்க்கட்சிக்காரன் எந்திரிச்சு 'நாய் வந்திருக்கு, பிஸ்கட் போடுங்க'ம்பான். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

அந்த நேரத்தில்தான் கமாவுக்கு அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் முழுக்க விற்காமல் தேங்கிய சாம்பல் நிறத் துணி. அழுக்குத் தண்ணியில் நனைத்தது போல இருக்கும். ஒரு காலையில் அப்பா பழைய சீட்டைக் கிழித்துவிட்டு 'மேகவண்ணம்' என்று எழுதி ஒட்டினார். விலையை இரண்டு ரூபாய் ஏற்றினார். வார முடிவில் ஒரு முழம் மிச்சமில்லை. துணி அதேதான்.

முப்பத்து நான்கு வருடத்தில் கமா ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

"ஐயா, ஆத்துல இருக்கு. வேட்டையாடுது. ஆற்றுவேங்கைன்னு வெச்சா?"

அமைச்சர் அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு மேடையில் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தார். துணைச் செயலாளர் முதல்முறையாகக் கமா என்று ஒருவர் அங்கே இருப்பதைக் கவனித்தார்.

"ஆ…ற்றுவேங்கை. நம்ம மாநில விலங்கு ஆற்றுவேங்கை. யாருய்யா நீ? இத்தனை நாளா எங்க இருந்தே?"

"மூணாவது மாடியிலங்க."

வரைவு அன்று மாலையே தயாரானது. பேராசிரியர் சொல்லி, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உயிரியல் பெயரும் இருந்தது. எந்த நாட்டுக்காரன் படித்தாலும் இன்ன விலங்கு என்று புரிகிற பெயர். கமா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார். கைபேசி வைத்திருக்கும் எவனும் அதைத் தேடிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் நாய் வெளியே வந்துவிடும். அமைச்சர் பின்வாங்கிவிடுவார். புதுச் சீட்டு ஒட்டிய துணியில் பழைய சீட்டை யாராவது விட்டுவைப்பார்களா? அடைப்புக்குறியையும் அதற்குள் இருந்ததையும் ஒரே கோட்டில் அடித்தார். நாட்டில் உள்ள எல்லாக் கமாவுக்கும் காவல் நின்ற கை அது.

அரசாணை பத்தே நாளில் அரசிதழில் வந்தது. பத்தொன்பது புள்ளிகள் போய் ஆற்றுவேங்கை உட்கார்ந்தது. மணல் குத்தகையை நிறுத்திவைக்கும் கடிதத்தைக் கமா அன்றைக்கே கீழ் மாடிக்கு அனுப்பினார். தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். சந்தோஷமாத்தான் இருக்கேன். பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்காங்க, பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"போய்ப் பாரு. அதுக்கு வரி போட்டிருக்காங்க."

"என்ன வரி?"

"புலிக்கு இருக்குமே, அந்த வரி. ஆத்துக்குள்ள புலி நிக்குது, வாயில மீன். வேங்கைன்னு சொன்னா வரையறவன் வேற என்ன வரைவான்?"

கமா சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, என் நோட்டுல எல்லாம் நீர்நாய்னுதானே இருக்கு?"

"அதனால என்ன? விலங்கு அதேதானே."

மூன்றாவது வாரம் மணல் குத்தகைதாரரின் வக்கீல் கடிதம் வந்தது. இரண்டே பக்கம், ஒரு பிழை இல்லை. கமா அதை மூன்று முறை படித்தார், முதல்முறை பிழை தேடி. ஆற்றுவேங்கை என்ற மாநில விலங்கின்மேல் தங்கள் கட்சிக்காரருக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் குத்தகைப் பகுதியில் அப்படி ஒரு விலங்கு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. அங்கே இருப்பது இரண்டாம் அட்டவணை, வரிசை எண் முப்பத்தொன்றில் கண்ட நீர்நாய். அட்டவணையில் ஆற்றுவேங்கை என்று எதுவுமே இல்லை. இணைப்பு: துறையின் சொந்தப் பதிவேடு, முப்பத்தொன்பது நோட்டுகளின் நகல். இருபத்திரண்டு வருடத்தில் ஆற்றுவேங்கை ஒருமுறைகூடத் தென்படவில்லை என்பதைத் துறையின் நேர்மையான ஊழியரே உறுதிசெய்திருக்கிறார்.

'நேர்மையான' என்ற சொல்லை வக்கீல் மனதாரத்தான் எழுதியிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

கமா தன் வாழ்நாளின் முதல் பிழைதிருத்தத்தை எழுதினார். 'ஆற்றுவேங்கை என்று உள்ளதை நீர்நாய் எனத் திருத்திப் படிக்கவும்.' ஒரே வரி. துணைச் செயலாளரிடம் எடுத்துப் போனார். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை.

"உயிரியல் பேர் வரைவுல இருந்துச்சே. யார் எடுத்தது?"

"நான்தாம்மா."

"நீங்களா?"

கோப்பு அமைச்சரிடம் போயிற்று. கமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அமைச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"நாப்பது மேடை பேசியாச்சு. நாப்பது மேடையிலயும் வேங்கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் வரி போட்ட முகமூடி மாட்டிக்கிட்டு வந்து நிக்குதுங்க. இப்ப போயி நாய்னு திருத்திப் படிங்கன்னா எப்படிய்யா?"

"ரெண்டு பெயரும் இருக்கட்டுங்க ஐயா. நீர்நாய் என்கிற ஆற்றுவேங்கைன்னு போட்டா…"

"அதுல மொதல்ல எது வருது?"

கமா கோப்பை மூடினார்.

"சட்டத்துறை கருத்துக்கு அனுப்பு. அடுத்த கூட்டத்தொடர்ல பாக்கலாம்."

அடுத்த கூட்டத்தொடருக்கு மூன்று மாதம் இருந்தது. வக்கீல் கடிதம் வந்ததுமே கீழ் மாடி நிறுத்திவைப்பை விலக்கிவிட்டது, குத்தகை அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தொடங்குகிறது. கமாவின் ஓய்வு அதற்கு முந்தைய நாள்.

அந்தக் கடைசி நாளில் மதியம் கூட்டம் போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்கள். பிழைதிருத்தமே வந்ததில்லை என்று தவறாமல் ஒருவர் சொன்னார். துணைச் செயலாளர் மட்டும் அப்போது சன்னல் பக்கம் பார்த்தார். மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தபோது மணல் குத்தகைதாரரின் மேலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, மிகவும் பணிவு.

"ஐயா இன்னிக்கு ரிடையர்டுன்னு தெரியாம வந்துட்டேன். ஒரே ஒரு ரசீதுதான்."

"என்ன ரசீது?"

"சேத மதிப்புங்க. முன்கூட்டியே கட்டலாம்னு விதி இருக்கு. பின்னால பிரச்சினை வரக்கூடாது பாருங்க. பதினொண்ணுன்னு உங்க நோட்டுலயே இருக்கு."

பதினொன்று, நானூற்று ஐம்பது வீதம், நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. குட்டிக்குப் பாதி விலை உண்டா என்றுகூட மேலாளர் கேட்கவில்லை. பேரம் பேசாமல் வாங்குகிறவனைப் பார்த்தால் அப்பா பயப்படுவார். சரக்கின் உண்மையான விலை நமக்குத்தான் தெரியவில்லை, இவனுக்குத் தெரியும் என்பார். கமா விதியைப் புரட்டினார். விதி இருந்தது. முப்பத்து நான்கு வருடத்துக் கடைசிக் கையெழுத்தை ரசீதில் போட்டார். மேலாளர் ஐயாயிரத்தை நீட்டினார்.

"சில்லறை இல்ல," என்றார் கமா.

"பரவால்லங்க ஐயா. வெச்சுக்கங்க."

"வெச்சுக்க மாட்டேன். நாளைக்கு இந்த மேசைக்கு வர்றவர்கிட்ட வாங்கிக்கங்க." ரசீதின் பின்னால் 'மீதி தர வேண்டியது ஐம்பது' என்று எழுதினார்.

மறுநாள் காலை அவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் அதே நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். வேறு பேருந்தில் ஏறினார்.

வளைவின் மேல்முனையில் இரண்டு லாரியும் மண்வாரி இயந்திரமும் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன. அந்தப் பக்கக் கரையில் ஒரு வீடு அகலத்துக்கு மண் சரிந்து தண்ணீர் பழுப்பாக ஓடியது. தங்கை கீழ்முனையில் ஒரு பாறைமேல் குந்தியிருந்தாள். அவரைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள். முழங்கால் சத்தம் போட அவர் உட்கார்ந்தார்.

"எத்தனை?"

"ஏழு. அதுல குட்டி ஒண்ணுதான்." எதிர்க்கரை நாணலுக்குள் பழுப்புத் தலைகள் எழுந்து அமிழ்ந்தன. அதில் ஒன்று ஓயாமல் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது. "காலையிலேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்கு."

அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் கெடுத்தேன்."

"நீதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்." கோபமில்லாமல் சொன்னாள். "ஆனா நீ வாய் தொறக்கலைன்னா அந்தப் புள்ளி புள்ளியாவேதான் இருந்திருக்கும்."

"ஒண்ணு பண்ணலாம். உன் நோட்டைத்தானே சாட்சியா காட்டுறான். இன்னிலேர்ந்து ஆற்றுவேங்கைன்னு எழுது. ஏழு ஆற்றுவேங்கை. துறைப் பதிவேட்டுலயே வந்துடும், பதினேழாம் பிரிவுக்கு உசுரு வந்துடும்."

"மாட்டேன்."

"ஏம்மா?"

"நேத்து வரைக்கும் நீர்நாய், இன்னிக்கு வேற பேருன்னா, கைய வெச்சு மாத்திட்டாங்கன்னு அந்த வக்கீலே சொல்வான். முப்பத்தொன்பது நோட்டும் பொய்யாயிடும். உனக்கு அப்பா கடை ஞாபகம் வந்தா எனக்கும் வரும்ணே. மேகவண்ணம் வித்துச்சு. மொதத் தொவையல்ல சாயம் போயி அத்தனை பேரும் திரும்பி வந்தாங்களே, அத மறந்துட்டியா?"

அவர் மறந்துதான் போயிருந்தார். அப்பா அந்த மாதம் முழுக்கக் கடைவாசலில் நின்று வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்தியது இப்போது நினைவு வந்தது.

மண்வாரியின் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. சீழ்க்கை நிற்கவில்லை. தங்கை நோட்டைத் தொடைமேல் விரித்து, பேனாவைக் கையில் வைத்தபடி யோசித்தாள்.

"உங்க கோப்புல அடிக்கடி ஒண்ணு எழுதுவீங்களே, மேற்படின்னு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"மேல சொன்னதேதான், வேற இல்லைன்னு."

"கோர்ட்டுல செல்லுமா?"

"வழக்குப் போட்டு மூணு மாசம் கழிச்சு விசாரணைக்கு வந்தா, வாதாடலாம்."

"பொய்யில்லையே?"

"இல்ல." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்த ரெண்டு மாசத்துல எழுதினதுலயே அதுதான் பொய்யில்லாதது."

அவள் எழுதினாள். எழுதி முடித்து, கமா சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவரிடம் நீட்டினாள். அவர் எதையும் திருத்தவில்லை.

நீர்நாய், ஏழு.
ஆற்றுவேங்கை, மேற்படி, ஏழு.
போன கணக்கு, பதினொன்று.
வர வேண்டியது, நான்கு.